விமானத்தின் வாசல் வரை சொந்த நாற்காலி

அக்காவின் சக்கர நாற்காலி 13 கிலோ 400 கிராம் எடை கொண்டது. இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விமான நிறுவனம் நாற்காலியின் நீளம், அகலம், உயரம், எடை ஆகிய நான்கையும் கேட்கும். முதல் தடவை கேட்டபோது வீட்டில் நிறுக்க வழியில்லாமல், சேலம் லீ பஜாரில் எங்களுக்குப் பழக்கமான அரிசி மண்டிக்கு எடுத்துச் சென்று மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தோம். பக்கத்தில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அக்கா, "மெத்தையை எடுத்துட்டு நிறு பாப்பா, அது என்கூட உள்ள வரும்" என்றார். இன்றும் நாங்கள் கடைப்பிடிக்கும் முதல் விதி அதுதான்: மெத்தை ஒருபோதும் சரக்கு அறைக்குப் போகாது.

அக்காவுக்கு இப்போது 57 வயது. இரண்டு வயதில் போலியோ தாக்கி இரு கால்களும் செயலிழந்தன. நாற்பத்தைந்து வயது வரை காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரும் ஊன்றுகோல்களுமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். தோள்கள் தேய்ந்துபோன பிறகு, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பாகாயத்தில் நடத்தும் மறுவாழ்வு நிலையத்தில் உடம்பை அளந்து, அவருக்கென்றே இந்த நாற்காலியை எழுதிக் கொடுத்தார்கள். 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்தின் முதல் பொறுப்பாளர் என்பதை அக்கா அங்கேதான் தெரிந்துகொண்டார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து காருக்கும் மாறும் முறையைக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். அதன் பிறகு கைகளால் தானே உருட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி வரை போய்க் காய்கறி வாங்கி வருகிறார்.

அக்காவின் மகன் லண்டனில் இருக்கிறான். 2018 முதல் இதுவரை மூன்று முறை லண்டனுக்கும் ஒரு முறை துபாய்க்குமாக நாங்கள் இருவரும் போய் வந்திருக்கிறோம். ஒரு முறை சென்னை வழியாகவும் மற்றவை பெங்களூரு வழியாகவும் நடந்தன. நடந்த தவறுகளைச் சொல்லும்போது எந்த நிறுவனம், எந்த நிலையம் என்று குறிப்பிடப் போவதில்லை. அவை எங்கு வேண்டுமானாலும் நடக்கக் கூடியவை. சேலத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெற்றோர் பெருகியிருக்கும் இந்நாளில், எங்கள் அனுபவம் யாருக்காவது ஒரு மணி நேரத் தவிப்பையாவது மிச்சப்படுத்தும் என்று நம்பியே எழுதுகிறேன்.

முதல் பயணத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். செக்-இன் கவுன்ட்டரில் இருந்த இளைஞர், நாற்காலியைப் பெட்டிகளோடு அனுப்பிவிடலாம், நிலையத்தின் நாற்காலியில் அம்மாவை அழைத்துப் போகிறோம் என்று மிகவும் பணிவாகச் சொன்னார். உதவிதானே என்று நாங்களும் சம்மதித்தோம். அந்த நாற்காலியின் நான்கு சக்கரங்களும் சிறியவை என்பதையும், உட்கார்ந்திருப்பவர் கையால் அதை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது என்பதையும் அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. குடியேற்றச் சோதனையில் அக்காவைத் தனி வரிசையிலும் என்னைப் பொது வரிசையிலும் அனுப்பினார்கள். தள்ளிச் சென்றவர் சோதனை முடிந்ததும் அக்காவை ஒரு தூணோரம் சுவரைப் பார்த்தபடி நிறுத்தி, பத்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வேறொரு பயணியை அழைக்கப் போய்விட்டார். நான் வரிசை கடந்து வந்து தேடிக் கண்டுபிடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அக்காவின் முகத்துக்கு நேரே ஒரு தீயணைப்புக் கருவி மாட்டியிருந்தது. அதைப் பயன்படுத்தும் முறையை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். கழிப்பறை இருபது அடி தூரத்தில் இருந்தும் போக முடியவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். வீட்டில் தன் காரியம் அத்தனையும் தானே பார்த்துக்கொள்கிறவர் அவர். அவரை அந்த ஐம்பது நிமிடம் நகர முடியாதவராக ஆக்கியது போலியோ அல்ல, அந்த நாற்காலிதான்.

அன்றிலிருந்து, விமானத்தின் வாசல் வரை சொந்த நாற்காலியிலேயே போவோம் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கவுன்ட்டரில் கேள்வி வரும் முன்பே அக்கா சொல்லிவிடுவார்: "இது என் சொந்த நாற்காலி. விமான வாசலில்தான் ஒப்படைப்பேன், இறங்கும்போது விமான வாசலில்தான் எனக்கு வேண்டும். அதற்கான டேக்கைக் கட்டுங்கள்." பெட்டிகளுக்குக் கட்டும் டேக் வேறு, வாசலில் ஒப்படைக்கும் பொருளுக்குக் கட்டும் டேக் வேறு. எது கட்டப்பட்டிருக்கிறது என்பதை வாசித்துப் பார்க்காமல் கவுன்ட்டரை விட்டு நகரக் கூடாது. ஊழியர்கள் மறுத்தது ஓரிரு முறைதான். அப்போதும் மேலாளரை அழைக்கச் சொல்லிக் காத்திருந்தோம், கிடைத்தது. இதற்காகவே விமானம் கிளம்பும் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். நேரம் நெருக்கினால் நியாயமான கோரிக்கையைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதாகிவிடும்.

இரண்டாவது பாடம் குறியீடு பற்றியது. விமான நிறுவனத்திடம் "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் தமக்குத் தோன்றியதைப் பதிவு செய்துவிடுகிறார்கள். டபிள்யூ, சி, எச் என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் நான்காவது எழுத்து ஒன்று வரும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆர் என்றால், நெடுந்தூரம் நடக்க முடியாது, ஆனால் படியேறித் தன் இருக்கைக்குத் தானே போய்விடுவார் என்று பொருள். எஸ் என்றால், படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் சில அடிகள் நடந்து இருக்கையை அடைவார். சி என்றால், இருக்கை வரைக்கும் கொண்டுபோய் அமர்த்த வேண்டும். வயதான பெற்றோர் பலருக்கு முதல் எழுத்தே போதும். அக்காவுக்கு வேண்டியது மூன்றாவது. ஒரு பயணத்தில் பயண முகவர் ஆர் என்று பதிவு செய்திருந்ததை நாங்கள் பார்க்கத் தவறிவிட்டோம். விமானம் கட்டடத்தோடு இணையாமல் தொலைவில் நின்றது. பேருந்தில் கொண்டுபோய்ப் படிக்கட்டின் அடியில் நிறுத்திவிட்டு, "பத்துப் படிதானே, மெதுவாக ஏறிவிடுவார்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். பயணியை விமான வாசல் உயரத்துக்குத் தூக்கும் வண்டி ஒன்றை வரவழைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. விமானமே எங்களுக்காகத் தாமதமாகிவிட்டது என்ற குற்ற உணர்வோடு அக்கா உள்ளே போனார். அந்தக் குற்ற உணர்வு அவருக்கு உரியதே அல்ல.

பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பிரிட்டனிலும் அதே கெடுதான். நாங்கள் டிக்கெட் எடுத்த அன்றே சொல்லி, மின்னஞ்சலில் உறுதி வாங்கி, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு தொலைபேசியில் அழைத்து அந்த நான்காவது எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறோம். இடையில் விமான நேரம் மாறியிருந்தால் பழைய கோரிக்கை காணாமல் போயிருப்பது உண்டு. மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக விமானத்தில் ஏற்ற மறுக்கக் கூடாது என்றும், பறக்கும்போது உடல்நிலை மோசமடையும் என்று நிறுவனம் கருதினால் மருத்துவர் ஒருவர் பயணியை நேரில் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் 2022 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் நகல் ஒன்றை அக்கா தன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார். இதுவரை எடுத்துக் காட்ட வேண்டி வந்ததில்லை. ஆனால் அது பையில் இருக்கிறது என்ற தெம்பில் குரல் மாறிவிடுகிறது.

யாரிடம் கேட்பது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் பயணியை அழைத்துச் செல்லும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அது விமான நிலையத்தின் பொறுப்பு. நாம் நிறுவனத்திடம் சொன்னால் அவர்கள் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவார்கள். ஆகவே லண்டனில் இறங்கியதும் விமானப் பணியாளரிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. உதவி மேசையைத் தேட வேண்டும்.

சேலத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பகுதி பெங்களூருவுக்கு வடக்கே இருப்பதால் நகரத்தைக் கடந்தாக வேண்டும். 2023 அக்டோபர் முதல் சேலம் விமான நிலையம் இருக்கும் நம் காமலாபுரத்திலிருந்தே மறுபடியும் விமானங்கள் போகின்றனவே என்று பலர் கேட்கிறார்கள். சிறிய விமானத்தில் ஒரு முறை ஏறி இறங்கி, பிறகு பெரிய விமானத்துக்கு மாறினால், அக்காவைத் தூக்குவதும் நாற்காலியை ஒப்படைத்துத் திரும்ப வாங்குவதும் இரட்டிப்பாகும். ஒவ்வொரு கைமாற்றமும் ஓர் ஆபத்து என்பதால் காரிலேயே போகிறோம்.

சாலைப் பயணத்தில் பெரிய பிரச்சினை கழிப்பறை. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் விடுவது தவறு. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்கள் பயணத்துக்கு முந்தைய நாள் மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். அக்காவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். முதல் பயணம் முடிந்து லண்டனில் இறங்கிய மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து படுத்தார். இப்போது தண்ணீரை நிறுத்துவதில்லை, இடங்களைத் திட்டமிடுகிறோம். தொப்பூர் கணவாய் தாண்டிய பின் கிருஷ்ணகிரிப் பக்கம் அகலமான கதவும் மேற்கத்தியக் கழிப்பறையும் உள்ள உணவகம் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறோம். போகிற வழியில் தேடாமல், முன்பே ஒரு நாள் நான் இறங்கிப் போய்க் கதவை அளந்துவிட்டு வந்தேன். நாற்காலியின் அகலம் 24 அங்குலம்; கதவு 27. விமான நிலையத்துக்குள் நுழைந்த பின், விமானத்தில் ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் வாயிலுக்குப் பக்கத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குப் போவதைக் கட்டாயமாக வைத்திருக்கிறோம். சொந்த நாற்காலியில் இருந்தால்தான் இதுவும் முடியும்.

பெங்களூருவின் இரண்டாம் முனையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, 2023 செப்டம்பரில் பன்னாட்டு விமானங்கள் அங்கே மாற்றப்பட்டன. மூங்கில் வேய்ந்த கூரையும் தொங்கும் செடிகளுமாகப் பார்க்க மனம் குளிரும். அக்காவுக்கு அங்கே பிடித்தது மேடுபள்ளம் இல்லாத சமமான தரை. இரண்டு கைகளையும் சக்கரத்தில் வைத்து ஒரே இழுப்பில் முப்பது அடி போய்விடுகிறார். ஹீத்ரோ வேறு விதம். ஐந்தாம் முனையத்தில் பி, சி வாயில்களுக்குப் பூமிக்கடியில் ஓடும் ரயிலில் போக வேண்டும். இரண்டாம் முனையத்திலும் பி வாயில்கள் தனிக் கட்டடத்தில், நீண்ட சுரங்க நடைவழிக்கு அப்பால் இருக்கின்றன. எந்த நிலையமானாலும் வரைபடத்தை முந்தைய நாளே பார்த்து, லிஃப்டுகள் எங்கே என்று குறித்துக்கொண்டு விடுகிறோம். வழிகாட்டிப் பலகைகள் பெரும்பாலும் எஸ்கலேட்டருக்கே கூட்டிப்போகின்றன. லிஃப்ட் அதன் பின்புறமோ நூறடி தள்ளியோ இருக்கும்.

நீண்ட தொலைவில் தோள்களைக் காப்பாற்ற உதவியாளர் தள்ளுவதை அக்கா ஏற்றுக்கொள்கிறார், ஆனால் தன் நாற்காலியில். ஆவணங்கள் கழுத்தில் தொங்கும் சிறு பையில் அவரிடமே இருக்கும். உதவியாளர்கள் பார்த்துவிட்டு அவர் கையிலேயே திருப்பித் தருவார்கள். துணைக்கு வருபவரையும் அதே வரிசையில் அனுமதிக்கும்படி கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். கேட்காவிட்டால்தான் பிரித்துவிடுகிறார்கள். எனக்கான பாடமும் ஒன்று இருந்தது. யார் எதைக் கேட்டாலும் அக்காவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தே கேட்பார்கள், நானும் பழக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "அம்மாவுக்கு என்ன சாப்பாடு?" என்று ஒருவர் கேட்டு நான் வாயெடுத்தபோது, அக்கா என் கையைத் தட்டி, "அவரு என்னைப் பத்திக் கேக்குறாரு, நான்தான சொல்லணும்?" என்றார். அதன் பிறகு, கேள்வி வந்தால் நான் பேசாமல் அக்காவின் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். கேட்டவரும் தானாக அங்கே பார்க்கிறார்.

பாதுகாப்புச் சோதனையில் நாற்காலியை விட்டு எழச் சொன்னால், முடியாது என்று தெளிவாகச் சொன்னால் போதும். பெண் காவலர் திரைக்குப் பின்னால் கையால் சோதிப்பார். நாற்காலியிலும் காலிப்பரிலும் துணித்துண்டு ஒன்றைத் தடவி வெடிமருந்துத் தடயம் பார்ப்பார்கள். வலிக்கும் இடத்தையும் தொடக் கூடாத இடத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அக்கா அம்மாவின் நினைவாகப் போட்டிருக்கும் கனமான சேலத்து வெள்ளிக் கொலுசை முதல் முறை கழற்றச் சொன்னார்கள். மடங்காத காலில் அதைக் கழற்றி மாட்டவே கால் மணி நேரம் ஆனது. இப்போது வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

விமான வாசலில் நாற்காலியை ஒப்படைக்கும்முன் கழற்றக் கூடியது எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மெத்தை, பக்கப் பலகைகள், பின்னால் தொங்கும் பை, கால்மிதிகள் எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எங்களோடு உள்ளே வரும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள் மெத்தையை விமான இருக்கையின் மீது போட்டு அதன் மேல் அமர்வது அவசியம். வலி தெரியாததால் பத்து மணி நேரத்தில் புண் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நாற்காலியின் முதுகில், எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது, எப்படி மடிக்க வேண்டும் என்பதைப் படத்தோடு ஆங்கிலத்தில் அச்சிட்டு, லேமினேஷன் செய்து கட்டியிருக்கிறோம். ஒப்படைக்கும் இடத்தில் நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறோம். சுமை ஏற்றுபவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இரண்டு நிமிடத்தில் நூறு பொருள்களைக் கையாளும் அவர்களுக்கு எது உடையும் என்று யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்து வருவது எல்லோரும் அஞ்சும் பகுதி. விமானத்துக்குள் செல்லும் நடைவழி மிகக் குறுகலானது. அதற்கென்றே ஒன்றரை அடிக்கும் குறைவான அகலத்தில், கைப்பிடி இல்லாமல், வார்ப்பட்டைகளோடு ஒரு நாற்காலி உண்டு. விமானத்தின் வாசலில் சொந்த நாற்காலியிலிருந்து அதற்கு ஒரு முறை, அதிலிருந்து இருக்கைக்கு ஒரு முறை என இரு முறை மாற வேண்டும். மடியில் இரு கைகளையும் குறுக்கே கட்டிக்கொண்டு, தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை கட்டப்பட்டு, முதுகுப்புறமாக உள்ளே இழுக்கப்படுவது ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தகுதியில்லை. அக்கா அந்த நேரத்தில் பேச்சைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். யாரும் தொடுவதற்கு முன்பு, "ஒரு நிமிஷம், நான் சொல்றேன்" என்று நிறுத்துகிறார். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்குக் கீழே கைகொடுத்து என் முன்கைகளைப் பிடியுங்கள், இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே இரு கைகளையும் கொடுங்கள், இடது கால் மடங்காது, கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மூன்று என்று நான் சொல்லும்போது தூக்குங்கள் என்கிறார். பெங்களூருவில் தமிழிலும் லண்டனில் ஆங்கிலத்திலும் இதே சொற்கள்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணும்போது தூக்குபவர்களின் பதற்றமும் அடங்கிவிடுகிறது. தவறி விழுந்ததில்லை. எண்ணாமல் தூக்கிய ஒரே முறை மட்டும் தொடை இருக்கையின் கைப்பிடியில் இடித்து ஒரு வாரம் கன்றியிருந்தது.

அந்தக் கைப்பிடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடைவழி ஓரத்து இருக்கையின் கைப்பிடி அசையாது என்றே பலரும் நினைக்கிறார்கள். பல இருக்கைகளில் அதன் அடிப்பக்கம், பின்கோடியில், விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும்பிவிடும், ஆளைத் தூக்க வேண்டாம், நகர்த்தினாலே போதும். பணியாளர்களிலேயே சிலருக்கு இது தெரிவதில்லை. கால் நீட்ட இடம் இருக்கிறது என்று முன்வரிசையைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் அது எழும்பாது. அவசர வழி அருகில் சக்கர நாற்காலிப் பயணிகளை உட்கார வைக்க மாட்டார்கள். கழிப்பறைக்கு அருகில், முன்வரிசைக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசை தள்ளி, எழும்பும் கைப்பிடியுள்ள ஓரத்து இருக்கை வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்வதே சரி.

லண்டன் போன்ற நீண்ட பயணத்துக்கு இரண்டு நடைவழிகள் உள்ள பெரிய விமானம் கிடைத்தால் கழிப்பறைக்குச் செல்ல விமானத்துக்குள்ளேயே ஒரு குறுகிய நாற்காலி வைத்திருப்பார்கள், சற்றுப் பெரிய கழிப்பறையும் இருக்கும். பணியாளர்கள் நாற்காலியைக் கழிப்பறை வாசல் வரை தள்ளுவார்கள், உள்ளே தூக்கி வைக்க மாட்டார்கள். அதற்கு நான் வேண்டும். சாப்பாடு பரிமாறும் வண்டி நடைவழியை அடைத்துக்கொள்வதற்கு முன்பே போய் வந்துவிடுகிறோம்.

தரை இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, நாற்காலி விமான வாசலுக்கு வர வேண்டும் என்பதைப் பணியாளர் தலைவரிடம் சொல்லி, தரையில் உள்ளவர்களுக்குத் தகவல் அனுப்பும்படி கேட்கிறோம். முதலில் ஏறும் நாங்கள் கடைசியாகத்தான் இறங்குவோம். எல்லோரும் போன பின் வெற்று விமானத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த இருபது நிமிடத்தில், "நாற்காலி பெல்ட்டுக்கு வந்துவிடும், நீங்கள் எங்கள் நாற்காலியில் வாருங்கள்" என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். அக்கா இருக்கையை விட்டு நகர மாட்டார். "வாசலுக்கு வந்துடட்டும், இருக்கேன்" என்பார். ஒரு முறை மட்டும், எங்களால் அடுத்த விமானம் தாமதமாகிறது என்று கெஞ்சியதால் இறங்கினார். அன்று நாற்காலி பெல்ட்டில் பெட்டிகளுக்கு நடுவே கவிழ்ந்து வந்தது. கால்மிதியைக் கழற்றாமல் விட்டதும் அந்த ஒரு முறைதான்; அதன் இடது தண்டு வளைந்திருந்தது. இடையில் வேறு விமானம் மாற வேண்டியிருந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை ஏற்காதீர்கள் என்பதும் இதனால்தான்.

வளைந்த தண்டைப் பார்த்ததும் நாங்கள் செய்த ஒரே சரியான காரியம், நிலையத்தை விட்டு வெளியேறுமுன் சேதத்தைப் பதிவு செய்து அதன் எண்ணை வாங்கியது. பன்னாட்டுப் பயணங்களுக்கு இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமடைந்தால் பெற்றுக்கொண்ட ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். நாற்காலியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான இழப்பீட்டு உச்சவரம்பு, பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆரில், 1,519. அளந்து செய்யப்பட்ட நாற்காலிகள் பல அதைவிட விலை கூடியவை. செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பைத் தனியாக எழுதி அறிவித்துவிட்டால் வரம்பு உயரும். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடும். ஒருவருடைய கால்களுக்கும் ஒரு துணிப்பெட்டிக்கும் சட்டத்தில் ஒரே விலை இருப்பது எனக்கு இன்றுவரை ஒப்புக்கொள்ள முடியாததாகவே இருக்கிறது. எங்களுக்கு இழப்பீடு வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர், தண்டைச் சூடுகாட்டி நிமிர்த்தாமல், அதே விட்டத்தில் புதிய குழாயை வெட்டிப் பொருத்திக் கொடுத்துவிட்டார். சூடு காட்டினால் அந்த இடம் பலவீனமாகிவிடும் என்றார் அவர்.

பேட்டரி நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதல் வேலை இருக்கிறது. கழற்றக் கூடிய லித்தியம் பேட்டரியை எடுத்து, முனைகளை மூடி, கைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒற்றைப் பேட்டரி என்றால் அதன் ஆற்றல் அளவு 300 வாட்-மணிக்கு மிகக் கூடாது. நிறுவனத்தின் முன் அனுமதி கட்டாயம். பேட்டரியின் மேல் வாட்-மணி அச்சிடப்படாத நாற்காலியை வாங்காமல் இருப்பதே நல்லது.

வயதான தம்பதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், கேட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றே கிடைத்ததால் அதை மனைவிக்குக் கொடுத்துவிட்டு அருகிலேயே நடந்து வந்த 80 வயது முதியவர், குடியேற்றச் சோதனைப் பகுதியில் மயங்கி விழுந்து இறந்தார். அந்த நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ. 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. சேலத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலர், "அவளுக்கு மட்டும் போதும், நான் நடந்துடுவேன்" என்று சொல்கிறார்கள். இருவருக்கும் கேளுங்கள். ஒன்றுதான் வந்தது என்றால் இரண்டாவது வரும் வரை இருவரும் உட்கார்ந்திருங்கள். அதே சமயம், வரிசையைத் தாண்டுவதற்காக மட்டும் நாற்காலி கேட்கும் நடக்க முடிந்தவர்களையும் நாங்கள் பார்க்கிறோம். அந்த நாற்காலி வேறு யாருக்கோ கிடைக்காமல் போகிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சென்ற முறை பெங்களூருவில் திரும்பி இறங்கியபோது அதிகாலை நான்கு மணி. விமான வாசலில் நாற்காலி நின்றிருந்தது. நான் துணிப்பையிலிருந்து மெத்தையைப் போட்டு, பக்கப் பலகைகளையும் கால்மிதிகளையும் மாட்டினேன். அக்கா பிரேக்கைச் சோதித்து, இரண்டு சக்கரங்களையும் ஒரு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டு மாறி உட்கார்ந்தார். தள்ள வந்திருந்த பையன் கைப்பிடியைப் பிடித்தான். "பை மட்டும் புடிச்சுக்க தம்பி, நான் உருட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்தச் சமமான தரையில் கிளம்பினார். அவனும் நானும் பின்னால் வேகமாக நடந்து போனோம்.